பாட்டியின் பாட்டோடு மலையகம் போகிறவர்களுக்கு

இலங்கை மலையகத் தோட்டங்களில் குடும்பத்தின் வேரைத் தேடிப் போகிறவர்களுக்கு, டிக்கெட் போடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. வீட்டில் மூத்தவர்களுக்குத் தெரிந்த தாலாட்டு, ஒப்பாரி, கும்மி எதுவானாலும் போனில் பதிந்துகொள்ளுங்கள். எழுதி வைக்கும்போது திருத்தாதீர்கள். ‘கன்னு’ என்று பாடினால் ‘கன்னு’தான்.

“கூனி அடிச்ச மலை, கோப்பிக் கன்னு போட்ட மலை, அண்ணனைத் தோத்த மலை, அந்தா தெரியுது பார்” என்று ஒரு மலையகப் பாட்டு உண்டு. தேயிலை பற்றிப் பேச்சே இல்லை, எல்லாம் கோப்பி, அதாவது காபி. 1869இல் இலைநோய் கண்டு கோப்பி அழிந்த பிறகுதான் மலையெங்கும் தேயிலை ஏறியது. அதற்கு முந்தைய காலம் இந்த நான்கு வரியில் தங்கியிருக்கிறது. ‘தோத்த’ என்றால் பறிகொடுத்த. தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்களில் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். உங்கள் பாட்டில் கோப்பி வந்தால் அதுவே குடும்பம் அங்கே போன காலம் என்று அடித்துச் சொல்ல முடியாது, பாட்டு ஊர்ச்சொத்து. ஆனாலும் அங்கே போய்க் கேட்க ஒரு கேள்வி கிடைத்துவிடும்.

கண்டியில் ஹந்தானை தேயிலை அருங்காட்சியகத்தைப் பாருங்கள். பழைய தொழிற்சாலைக் கட்டடம், இயந்திரங்கள், இலங்கையில் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிவைத்த ஜேம்ஸ் டெய்லர் எல்லாம் உண்டு. கொழுந்து பறித்தவர்களைத் தேடினால், கம்பளை அருகே பழைய லயத்திலேயே (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) அமைத்திருக்கும் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் நான் இரண்டாவதற்கே போவேன்.

தோட்டத்தின் பெயரில்தான் பலர் தடுமாறுகிறார்கள். துரைமார் வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று, சனங்கள் அழைத்த தமிழ்ப் பெயர் வேறு. பாட்டி சொன்னது மேப்பில் இல்லையென்றால் தோட்டமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்து டவுனில் வயதான ஆட்டோக்காரர் யாரிடமாவது கேளுங்கள்.

மாசி மாதம் போனால் மன்மதன் கதையை ஆடிப் பாடும் காமன் கூத்துக் காலம், பாட்டுக்குப் பஞ்சமில்லை. மற்ற நாட்களில் பறித்த கொழுந்தை எடை போட்டு முடிந்த பிறகு, சாயங்காலமாகப் போங்கள். லயம் என்பது வீடு, கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். அப்புறம், போனவுடன் “ஒரு பாட்டுப் பாடுங்கள், ஆச்சி” என்று போனை நீட்டினால் வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். முதலில் நீங்கள் பாடுங்கள். தப்பாகப் பாடினால் இன்னும் நல்லது, திருத்துவதற்காவது யாராவது வாயைத் திறப்பார்கள்.