மாரிகால மின்வெட்டுக்கு லினக்ஸ் மடிக்கணினியைத் தயார்செய்தல்

நவம்பரில் மாரி பிடித்துவிட்டால் திருகோணமலையில் மின்சாரம் எந்நேரம் நிற்கும் என்று சொல்ல முடியாது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீண்டதை நாம் யாரும் மறக்கவில்லை. பாவித்த மடிக்கணினியை வாங்கி லினக்ஸ் போட்டுக்கொள்ளும் மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: மின்சேமிப்புக்கு எந்தக் கருவியை நிறுவுவது? எதையும் நிறுவுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தருகிறேன். டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் சாளரத்தில், ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டுங்கள்.

படி 1: பற்றரியின் நிலையைப் பாருங்கள்

சார்ஜரைக் கழற்றிவிட்டு ‘யுபவர் -டி’ என்று தட்டுங்கள். வரும் பட்டியலில் மூன்று வரிகள் போதும். ‘எனர்ஜி-ஃபுல்-டிசைன்’ என்பது பற்றரி புதிதாக இருந்தபோது கொண்ட அளவு. ‘எனர்ஜி-ஃபுல்’ இன்று கொள்ளும் அளவு. முதலாவது 50, இரண்டாவது 25 என்றால் பாதி தேய்ந்துவிட்டது. எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது, புதுப் பற்றரிக்குக் காசு சேருங்கள். ‘எனர்ஜி-ரேட்’ இந்த நிமிடம் எத்தனை வாட் செலவாகிறது என்பதைக் காட்டும். 40 வாட்-மணிப் பற்றரி 10 வாட் செலவில் 4 மணி நேரம் தாங்கும். திரை வெளிச்சத்தைக் குறைத்து 8 வாட்டுக்குக் கொண்டுவந்தால் 5 மணி நேரம். எந்தக் கருவியையும்விட முதலில் திரையைக் கவனியுங்கள்.

படி 2: ஒரே ஒரு கருவி

உபுண்டு போன்ற லினக்ஸ் வெளியீடுகளில் பவர்-ப்ரொஃபைல்ஸ்-டீமன் என்ற மின்சேமிப்புக் கருவி ஏற்கெனவே இருக்கும். மேல் மூலைப் பட்டியலில் ‘பவர் சேவர்’, ‘பேலன்ஸ்ட்’ என்று தெரிவது அதன் வேலைதான். தொடக்கநிலையாளர் பலருக்கு இதுவே போதும் என்பது என் உறுதியான கருத்து. நுணுக்கமாக அமைக்க விரும்பினால் டிஎல்பி என்ற கருவி நல்லது. செயலியை மட்டும் கவனிக்க ஆட்டோ-சிபியுஃப்ரீக் இருக்கிறது.

ஆனால் இவற்றில் இரண்டைச் சேர்த்துப் போடாதீர்கள். ஒரு தோணியில் இருவர் எதிரெதிராகத் துடுப்புப் போடுவதுபோல, ஒன்று அமைத்ததை மற்றது மாற்றிவிடும். டிஎல்பி வேண்டுமென்றால் பவர்-ப்ரொஃபைல்ஸ்-டீமனை நீக்கிவிட்டு ‘சுடோ ஏபிடி இன்ஸ்டால் டிஎல்பி’, பிறகு ‘சுடோ டிஎல்பி ஸ்டார்ட்’ என்று தட்டுங்கள். ‘சுடோ’ என்பது கட்டளையை நிர்வாகி உரிமையுடன் ஓட்டுவது, கடவுச்சொல் கேட்கும். எது எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்று காட்டும் பவர்டாப்பை அளவிட மட்டும் பயன்படுத்துங்கள். அதன் தானியங்கி அமைப்பு சில யுஎஸ்பி மவுஸ்களைத் தூங்க வைத்துவிடும்.

படி 3: சார்ஜை 80 விழுக்காட்டில் நிறுத்துவதா?

லித்தியம் பற்றரி நூறு விழுக்காடு நிறைந்த நிலையில் வெப்பத்தில் கிடந்தால் விரைவாகத் தேயும். நம் ஊர் வெயிலில் நாள் முழுவதும் சார்ஜரிலேயே கிடக்கும் கணினிக்கு இது நேரடிப் பாதிப்பு. அதனால் 80இல் நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் மின்வெட்டு வரும் இரவில் அந்த 20 விழுக்காடு ஒரு மணி நேரப் படிப்பு. ஆகவே காலத்துக்கேற்ப மாற்றுங்கள் என்கிறேன்.

டிஎல்பி போட்டிருந்தால், ‘சுடோ டிஎல்பி-ஸ்டாட் -பி’ உங்கள் கணினி சார்ஜ் வரம்பை ஏற்குமா என்று சொல்லும். திங்க்பேட்களில் பெரும்பாலும் உண்டு, பல மலிவு மாதிரிகளில் இல்லை. இருந்தால் ஈடிசி அடைவிலுள்ள டிஎல்பி.கான்ஃப் கோப்பில் ‘ஸ்டார்ட்_சார்ஜ்_த்ரெஷ்_பேட்0’ வரியில் 75, ‘ஸ்டாப்_சார்ஜ்_த்ரெஷ்_பேட்0’ வரியில் 80 என்று எழுதுங்கள். இரு பெயர்களும் கோப்பில் பேரெழுத்துகளில் இருக்கும். வரியின் முன்னுள்ள ஹாஷ் குறியை நீக்க மறக்காதீர்கள். வானம் கறுத்த நாளில் சார்ஜரைச் செருகி ‘சுடோ டிஎல்பி ஃபுல்சார்ஜ்’ என்று கொடுத்தால் அந்த ஒரு தடவை முழுதாக நிறையும். கணினியை மீண்டும் தொடக்கினால் பழைய வரம்பு திரும்பிவிடும்.

உபுண்டு முதலானவற்றின் திரைமுகப்பான கினோமில், 48ஆம் பதிப்பு முதல், வரம்பை ஏற்கும் கணினிகளில், அமைப்புகளின் மின்சாரப் பகுதியிலேயே பற்றரி காக்கும் தெரிவு வருகிறது.

படி 4: குறுக்குவிசைகள்

ஒரே அழுத்தலில் கட்டளையை ஓட்டும் விசைதான் குறுக்குவிசை. கினோம், கேடிஇ, எக்ஸ்எஃப்சிஇ ஆகிய மூன்று திரைமுகப்புகளிலும் விசைப்பலகை அமைப்பிலேயே சொந்தக் குறுக்குவிசை சேர்க்கலாம். அதையே பயன்படுத்துங்கள். எஸ்எக்ஸ்எச்கேடி, எக்ஸ்பைண்ட்கீஸ் என்ற குறுக்குவிசைக் கருவிகள் இரண்டும் திரையில் சாளரங்களைக் காட்டும் பழைய முறையான எக்ஸ்11க்கானவை; இன்று பல வெளியீடுகளின் இயல்புநிலையான புது முறை வேலாண்டில் அவற்றை நம்ப முடியாது. விசையையே வேறொன்றாக மாற்ற வேண்டுமென்றால் மட்டும் கீடி என்ற கருவி. அது எக்ஸ்11, வேலாண்ட் இரண்டிலும் ஓடும்.

நான் பரிந்துரைப்பவை இரண்டு. பவர்-ப்ரொஃபைல்ஸ்-டீமன் வைத்திருப்போர் சூப்பர் (விண்டோஸ் சின்னமுள்ள விசை)+எஃப்9க்கு ‘பவர்ப்ரொஃபைல்ஸ்சிடிஎல் செட் பவர்-சேவர்’ என்று கொடுங்கள். மின்சாரம் நின்றதும் ஒரே அழுத்தல். டிஎல்பி வைத்திருப்போர் முழுச் சார்ஜுக்கு ஒரு விசை வைக்கலாம். குறுக்குவிசையில் சுடோ கடவுச்சொல் கேட்க வழியில்லை, ஆகவே அதற்குப் பதில் ‘பிகேஎக்ஸெக்’ என்று தொடங்குங்கள். கடவுச்சொல் சாளரம் திறக்கும்.

வெளிச்ச விசைகள் வேலை செய்யாவிட்டால் திரை வெளிச்சத்தை மாற்றும் பிரைட்னஸ்சிடிஎல் நிறுவி அதன் கட்டளையை விசையில் கட்டுங்கள். விசை அழுத்தம் கணினிக்கு எட்டுகிறதா என்று அறிய எக்ஸ்11இல் எக்ஸ்இவி, வேலாண்டில் டபிள்யூஇவி என்ற கருவியை ஓட்டிப் பாருங்கள். அழுத்தியும் எதுவும் தெரியாவிட்டால் கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்பான பயோஸில் எஃப்என் பூட்டு அமைப்பைப் பாருங்கள்.