ஆஸ்பத்திரி ஃபைல் விஷயத்தில் நம்ம வேலூர்க்காரங்க செய்யும் தவறுகள்

காலை ஏழு மணிக்கு வேலூர் காந்தி ரோட்டில் நின்று பாருங்கள். லாட்ஜ்களிலிருந்து வங்காளத்துக்காரர்கள் கும்பலாக சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கம் நடந்து போவார்கள், குடும்பத்துக்கு ஒரு பிளாஸ்டிக் ஃபைல், அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருப்பார்கள். ரயிலில் ஒரு பகலும் ஓர் இரவும் உட்கார்ந்து காட்பாடியில் இறங்கியவர்கள். ஊரில் முதன்முதலில் பார்த்த டாக்டர் எழுதிய சீட்டிலிருந்து போன மாத ஸ்கேன் வரை தேதிவாரியாக அதில் இருக்கும். நமக்கு ஆஸ்பத்திரி நாலு தெரு தள்ளி. கையை வீசிக்கொண்டு போவோம். "பழைய ரிப்போர்ட் இருக்கா?" என்று கேட்டால் "வீட்ல எங்கயோ இருக்கு சார், அடுத்த தடவை கொண்டாறேன்" என்போம்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தோம். 2017-ல் எங்க நைனாவுக்குப் பித்தப்பையில் கல் என்று ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆனது. இரண்டாம் நாள் ராத்திரி ஏதோ ஒரு ஊசி போட்டதும் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஓடி வந்து பார்த்தார்கள், மாற்று ஊசி போட்டார்கள், விடிவதற்குள் சரியாகிவிட்டது. நாங்களும் மறந்துவிட்டோம். 2021-ல் சர்க்கரைப் புண்ணோடு வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போனபோது அங்கே இருந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "எந்த மருந்தாவது ஒத்துக்காம போயிருக்கா?" என்பதுதான். போயிருக்கிறது, ஆனால் பெயர் தெரியாது. டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்தோம், அதில் அந்த ராத்திரி நடந்தது ஒரு வரிகூட இல்லை. பழைய ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஃபைல் இல்லை என்றார்கள். கடைசியில் சந்தேகம் இருந்த மருந்து வகை முழுவதையும் ஒதுக்கி வைத்துவிட்டு, வேறொரு விலை உயர்ந்த மருந்தை வைத்துத்தான் புண்ணை ஆற்றினார்கள்.

அப்போதுதான் விதிகளைப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததும், பிறகு சொந்தக்காரர்களுக்காக அலைந்ததில் தெரிந்துகொண்டதும்தான் இங்கே எழுதுவது.

முதல் தவறு, டிஸ்சார்ஜ் சம்மரியையே முழு ஃபைல் என்று நினைப்பது. அது சுருக்கம் மட்டும்தான். என்ன நோய், என்ன ஆபரேஷன், வீட்டுக்குப் போய் என்ன மாத்திரை என்று இரண்டு மூன்று பக்கத்தில் முடிந்துவிடும். எத்தனை மணிக்கு எந்த ஊசி போட்டார்கள், அப்போது பிரஷர் எவ்வளவு, மயக்க மருந்து டாக்டர் என்ன எழுதினார், நைட் டூட்டி சிஸ்டர் என்ன குறித்து வைத்தார், நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவத்தில் என்ன இருந்தது, இதெல்லாம் கேஸ் ஷீட்டில்தான் இருக்கும். அசல் கேஸ் ஷீட் ஆஸ்பத்திரியோடு இருக்கும், அதன் நகல் நோயாளியின் உரிமை. ஸ்கேன், எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை மாதிரி காசு கட்டி எடுத்தவற்றின் அறிக்கைகளை அசலாகவே கேட்டு வாங்க வேண்டும்.

இந்த உரிமை எங்கே எழுதியிருக்கிறது என்று கவுன்டரில் கேட்பார்கள், அதனால் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகளில் 1.3.1, உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. அடுத்த விதியான 1.3.2, நோயாளியோ அவர் அனுமதித்த ஆளோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது. கொடுக்க மறுத்தால் அது டாக்டரின் தவறான நடத்தை என்று 7.2-ல் இருக்கிறது. 2023 ஆகஸ்டில், அந்தக் கவுன்சிலுக்குப் பதிலாக வந்த தேசிய மருத்துவ ஆணையம் புது விதிகளைக் கொண்டுவந்து அதே மாதத்தில் நிறுத்தி வைத்துவிட்டது, ஆகவே 2002 விதிகளைத்தான் இன்றும் பிடித்துக்கொள்ள வேண்டும். இவை போக, தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளி உரிமைப் பட்டியலும் இருக்கிறது. அட்மிஷனில் இருக்கும்போது கேட்டால் முடிந்தவரை 24 மணி நேரத்தில், வீட்டுக்குப் போன பிறகு கேட்டால் 72 மணி நேரத்தில் என்று அது சொல்கிறது. நகல் எடுக்கும் செலவு நம்முடையது. அதைத் தயங்காமல் கொடுத்துவிடுங்கள், ஜெராக்ஸ் காசுக்குச் சண்டை போட்டு நாளை வீணாக்க வேண்டாம்.

இந்த 3 ஆண்டுக் கணக்கு உள்நோயாளிக்குச் சொன்னது என்பதைக் கவனியுங்கள். ஓ.பி.யில் பார்த்துவிட்டு வந்த சீட்டு உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு தாள்தான். மருந்துக் கடையில் கொடுத்துவிட்டு அங்கேயே விட்டுவிட்டு வருகிறோமே, அதோடு போயிற்று.

அடுத்து, வாயால் கேட்பது. இதுதான் நிறையப் பேரைக் கவிழ்க்கிறது. "காப்பி வேணும் சிஸ்டர்" என்று கேட்போம், "சார் வரட்டும்" என்பார்கள், சார் வந்தால் "எம்.ஆர்.டி.ல கேளுங்க" என்பார், அந்த ஆவணப் பிரிவுக்குப் போனால் சாப்பாட்டு நேரம். மூன்று நாள் அலைந்திருப்போம், ஆனால் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட நம்மிடம் இருக்காது. 72 மணி நேரம் என்பதைக் கணக்குப் போட ஒரு தொடக்கம் வேண்டாமா? அதற்குத்தான் கடிதம். வெள்ளைத்தாளில் தமிழிலேயே எழுதலாம். நோயாளி பெயர், ஆஸ்பத்திரி எண், ஐ.பி. (உள்நோயாளி) எண், அட்மிஷன் ஆன தேதி, டிஸ்சார்ஜ் தேதி எழுதி, கீழே என்னென்ன வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்: கேஸ் ஷீட், சிஸ்டர் குறிப்புகள், மருந்து சார்ட், ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, பரிசோதனை முடிவுகள், ஒப்புதல் படிவங்கள். "எல்லாம் கொடுங்கள்" என்று எழுதினால் சம்மரியையே இன்னொரு முறை ஜெராக்ஸ் போட்டு நீட்டுவார்கள், என் தங்கச்சிக்கு அப்படித்தான் நடந்தது. கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் சீல், தேதி, நேரம் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மாட்டேன் என்றால் வம்பு வேண்டாம், தபால் ஆபீஸ் போய் ஒப்புகையோடு அனுப்பிவிட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நோயாளியால் எழுந்து வர முடியாவிட்டால் அவர் கையெழுத்தோ கைநாட்டோ வைத்த அனுமதிக் கடிதமும், உறவைக் காட்டும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

பயம் இன்னொரு தவறு. காப்பி கேட்டால் கேஸ் போடப் போகிறோம் என்று நினைத்துக்கொள்வார்களோ, நாளைக்கு மறுபடி இதே டாக்டரிடம்தானே வர வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொள்வாரோ என்று. எங்க அம்மாவும் இதைத்தான் சொன்னார்கள். ஒன்று சொல்கிறேன், காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. ஆனாலும் "அடுத்த டாக்டர் கேட்பார், வீட்டில் வைத்துக்கொள்கிறோம்" என்று சிரித்த முகத்தோடு சொன்னால் பாதி இடத்தில் வேலை சுலபமாக முடிந்துவிடுகிறது. "பில் பாக்கியைக் கட்டினால்தான் காப்பி" என்பார்கள் சில இடத்தில். 72 மணி நேர விதியில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை. பாக்கியை வசூலிக்க அவர்களுக்கு வேறு வழி உண்டு.

அரசு ஆஸ்பத்திரியில் கேட்கவே முடியாது என்று நினைக்கிறவர்கள் நம் பக்கம் அதிகம். அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியாக இருந்தாலும் தாலுகா ஆஸ்பத்திரியாக இருந்தாலும் முதலில் அதே கடிதம்தான். நகரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பொதுத் தகவல் அலுவலர் பெயரில் மனு எழுதி, 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் வர வேண்டும். உங்கள் ஃபைலை நீங்களே கேட்கும்போது "மூன்றாம் நபர் தகவல்" என்று தள்ள முடியாது.

விபத்து என்றால் இதில் கூடுதல் கவனம் வேண்டும். வாலாஜாவிலிருந்து வாணியம்பாடி வரை ஹைவேயில் அடிபடுகிறவர்களை முதலில் கிடைத்த அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, இரண்டு மணி நேரத்தில் தனியாருக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவோம். முதல் ஆஸ்பத்திரியில் போட்ட ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டு நகலை யாரும் வாங்குவதில்லை. பிறகு நஷ்டஈட்டு வழக்கில் வக்கீல் கேட்கும் முதல் தாளே அதுவாக இருக்கும். எத்தனை மணிக்கு, யார் கொண்டுவந்து சேர்த்தார்கள், எப்படி அடிபட்டது என்று அதில்தான் எழுதியிருக்கும்.

சரி, வாங்கிய தாளையாவது ஒழுங்காக வைத்திருக்கிறோமா? நைனாவின் ஈ.சி.ஜி. தாள் கசங்குகிறதே என்று பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் லேமினேஷனுக்குக் கொடுத்தேன். ரோலருக்குள் போன தாள் அந்தப் பக்கம் கரி பூசின மாதிரி முழுக்கக் கறுப்பாக வெளியே வந்தது. அலைகோடும் இல்லை, மேலே எழுதியிருந்த பெயரும் இல்லை. கடைக்காரருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பல ஈ.சி.ஜி. மெஷின்களில் ஓடுவது சூட்டில் கறுக்கும் தாள், பெட்ரோல் பங்க் ரசீது மாதிரி. வயிற்று ஸ்கேனில் ஒட்டித் தரும் சின்னப் படங்களும் பெரும்பாலும் அந்த வகைதான். லேமினேஷன் சூட்டில் ஒரு நொடியில் நடப்பது, ஷீட் கூரை போட்ட வீட்டில் பீரோ மேல் மஞ்சப்பையில் கிடந்தால் நம்ம ஊர் மே மாத வெயிலில் மெதுவாக நடக்கும், இல்லையென்றால் எழுத்து மங்கிப் போகும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுங்கள், செல்போனிலும் ஒரு படம். சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. எடுத்தால் ஃபிலிமோடு நிற்காமல் கம்ப்யூட்டரில் போடும் தட்டிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்குங்கள், அடுத்த டாக்டர் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்க்க அதுதான் உதவும். சதை எடுத்துப் பரிசோதித்திருந்தால் ரிப்போர்ட் மட்டும் போதாது, இரண்டாவது கருத்துக்குப் போகும்போது கண்ணாடி ஸ்லைடும், சதையை மெழுகில் பதித்து வைத்த பிளாக்கும் தேவைப்படும், அதையும் கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. ஸ்டென்ட், மூட்டு, கண் லென்ஸ் வைத்தால் அந்தப் பெட்டியிலிருக்கும் ஸ்டிக்கர் ஒன்றை உங்கள் ஃபைலிலும் ஒட்டித் தரச் சொல்லுங்கள்.

இன்ஷூரன்ஸுக்கு அசலை அனுப்பும்போது ஒரு செட் ஜெராக்ஸ் இல்லாமல் கையை விட்டுக் கொடுக்காதீர்கள். கிளெய்ம் பணம் வந்துவிடும், தாள் திரும்பி வராது. மத்திய அரசின் ஆன்லைன் மருத்துவ ஆவணத் திட்டத்தில் 14 இலக்க ஆபா (ABHA) எண் எடுத்துவிட்டோம், இனி எல்லாம் ஆன்லைனில் இருக்கும் என்று நம்பிக் காகிதத்தைத் தூக்கிப் போடுகிறவர்களையும் பார்க்கிறேன். அது ஓர் அடையாள எண். அந்தத் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரி உங்கள் ஆவணத்தை அதோடு இணைத்திருந்தால்தான் அங்கே ஏதாவது தெரியும். அப்புறம், ரிப்போர்ட்டைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு "இது என்னன்னு யாராவது சொல்லுங்க" என்று கேட்பது. கல்யாணத்துக்கு இருக்கும் பெண்ணின் ஸ்கேன் ரிப்போர்ட் ஆம்பூரிலிருந்து குடியாத்தம் வரை சுற்றி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதைத் திரும்ப எடுக்க யாராலும் முடியாது.

கடிதம் கொடுத்தும் 72 மணி நேரம் தாண்டிவிட்டதா? டாக்டர் மீது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதலாம். தனியார் ஆஸ்பத்திரி மீது மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடம் புகார் கொடுக்கலாம். நஷ்டம் ஏற்பட்டிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், அதற்கு 2 ஆண்டு கெடு. சீல் வாங்கிய அந்தக் கடித நகலோ தபால் ரசீதோ இல்லாமல் இதில் எதையும் நிரூபிப்பது கஷ்டம்.

போன முறை அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனபோது டிஸ்சார்ஜ் அன்று காலையிலேயே கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் கூப்பிட்டார்கள், 61 பக்கம், ஜெராக்ஸ் காசு வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். பதினேழாம் பக்கத்தில் நைட் டூட்டி சிஸ்டரின் கையெழுத்தில் ஒரு வலி ஊசியின் பெயர், பக்கத்தில் "அரிப்பு, நிறுத்தப்பட்டது" என்று இருந்தது. அரித்தது அம்மாவுக்கே ஞாபகமில்லை. சம்மரியிலும் அது இல்லை. அந்தப் பெயரைச் சிவப்பு மையில் பெரிதாக எழுதி ஃபைலின் மேல் அட்டையில் ஒட்டியிருக்கிறேன், ஒரு படம் எடுத்து அம்மா செல்போனிலும் வைத்திருக்கிறேன்.