சிஎஸ்ஆர் காசுல கக்கூஸ் கட்டுறவங்க ராமநாதபுரம் கரையில பண்ற தப்புகள்

தேவிபட்டினத்துல ஆரம்பிச்சு மண்டபம், கீழக்கரைன்னு சாயல்குடி வரைக்கும் கரையோரமாவே பைக்ல போய்ப் பாருங்க, கொறஞ்சது நாலு பூட்டிக்கெடக்குற கக்கூஸ் கண்ணுல படும். கதவு துருப்பிடிச்சு சாஞ்சு கெடக்கும், உள்ள பழைய வலையோ ஆட்டுக்குட்டியோ இருக்கும், ஆனா சுவத்துல கம்பெனி லோகோ மட்டும் பளிச்சுன்னு தெரியும். எல்லாம் சிஎஸ்ஆர் காசு, அதாவது கம்பெனிங்க சட்டப்படி லாபத்துல ஒரு பங்க சமூக வேலைக்கு ஒதுக்குற காசு. கேட்டா "சனங்களுக்குப் பழக்கமில்ல சார்"னு சுலபமா சொல்லிருவாங்க. ஏழெட்டு வருசமா சின்ன தொண்டு நிறுவனத்துல இதே வேலையப் பாக்குறவன்ங்கிற முறையில சொல்றேன், பழக்கம்லாம் அப்பறம், முக்காவாசி எடத்துல நாமதான் தப்பா கட்டி வச்சிருக்கோம். இதுல பாதித் தப்ப நானும் பண்ணிருக்கேன்.

எல்லாத்துலயும் பெரிய தப்பு, சென்னையில உக்காந்து போட்ட டிராயிங்க இங்க கொண்டாந்து அப்படியே எறக்குறது. இது மணல் பூமிங்க, கரையோரத்துல பல எடத்துல அஞ்சாறு அடி தோண்டுனாலே தண்ணி, ஐப்பசி கார்த்திகை மழையில அதுவும் மேல ஏறி வந்துரும். நான் வேலை பாத்த ஒரு ஊர்ல (பேர் வேணாம்) வீட்டுக்கு ரெண்டு குழின்னு ஆறடிக்கு உறை எறக்கிக் கட்டுனாங்க, நல்ல கோடையில கட்டுனதால யாருக்கும் ஒண்ணும் தெரியல, கார்த்திகையில குழித்தண்ணி திரும்பி கக்கூஸ் பேசின் வழியா மேல வந்துச்சு. அதே தெருவுல பொம்பளைங்க ஊத்து தோண்டி செரட்டையில மோந்து குடிதண்ணி எடுத்துக்கிட்டு இருந்தாங்க, இப்ப யோசிச்சாலும் வயித்தக் கலக்குது. குழியோட அடிக்கும் மழைக்கால நிலத்தடி நீர்மட்டத்துக்கும் ரெண்டு மீட்டர் இடைவெளி வேணும்னு பொதுவா சொல்லுவாங்க. அது கெடைக்காத எடத்துல குழிய ஆழமில்லாம அகலமா வைக்கணும், தரைய மேடாக்கி கக்கூஸையே ரெண்டு மூணு படி ஒசத்திக் கட்டணும், குழியோட அடிய அடைச்சுட்டு சுத்தி அரை மீட்டருக்கு நைஸ் மணல் கட்டணும். செலவு கூடத்தான் செய்யும். நூறு வீட்டுக்கு கட்டுறத அறுபது வீட்டுக்கு ஒழுங்கா கட்டுங்கன்னு சொன்னா கம்பெனி ஆளுக்கு மூஞ்சி சுருங்கிரும், ஏன்னா ரிப்போர்ட்ல நம்பர் கொறையும்ல. எடம் பாக்க வர்றதா இருந்தா மே மாசம் வராதீங்க, டிசம்பர்ல வாங்க.

ரெண்டு குழி வைக்கிற காரணம் என்னன்னு கொத்தனாருக்கே பல நேரம் தெரியாது. ஒண்ண மட்டும் ஓட விட்டு, அது நெறைஞ்சதும் அடுத்ததுக்கு மாத்திவிட்டு, நெறைஞ்சத ஒரு வருசம் ஒன்றரை வருசம் சும்மா ஆறப்போட்டா உள்ள இருக்குறது எருவா மாறிரும், வீட்டுக்காரங்களே அள்ளிக்கலாம். ரெண்டு குழிக்கும் பிரிச்சுவிடுற சேம்பர்ல ரெண்டு வழியையும் தொறந்து விட்டுட்டா ரெண்டும் ஒண்ணாவே நெறைஞ்சுரும், அப்பறம் கழிவு உறிஞ்சுற லாரியக் கூப்புடணும், அந்த மணல் சந்துக்குள்ள லாரி எங்க வரும்? கடைசியில எவனோ ஒரு ஏழைய எறக்கி அள்ள வைப்பாங்க. 2013 சட்டப்படி மனுசன வச்சு மலம் அள்ளுறது குற்றம், நம்ம தப்பான டிசைனால அத நடக்க விடுறது அதவிடக் கேவலம்.

தண்ணிக்கு வருவோம். காவிரி கூட்டுக் குடிநீர் வருதுதான், ஆனா தெனமும் வராத ஊரு நெறைய, வண்டித்தண்ணிய குடம் இவ்வளவுன்னு காசு குடுத்து வாங்குற வீட்டுல போய் பத்து லிட்டர் ஃப்ளஷ் டேங்க் மாட்டிவிட்டா யாரு ஊத்துவா? சரிவு அதிகமா இருக்குற கிராமத்து பேசின் போட்டா ரெண்டு லிட்டர் போதும். கழுவ உப்புத்தண்ணியே தாராளமா போதும், குழாய மட்டும் பிளாஸ்டிக்ல போடுங்க. தகரக் கதவு, இரும்புக் கீல் எல்லாம் உப்புக்காத்துல தாங்காது, பிவிசி கதவுதான் நிக்கும். இன்னொண்ணு, கொத்தனார் கிட்டத்துல கெடைக்குதுன்னு கடல் மணல அள்ளி உப்புத்தண்ணியிலயே கலவை போட்டுருவாரு, உள்ள கம்பி துருப்பிடிச்சு சிலாப் உரிஞ்சு விழும், கூடவே நின்னு பாக்க ஆள் வேணும்.

அந்த ஆளுக்கு சம்பளம் எங்கன்னு கேட்டாத்தான் பிரச்சனை. "நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல போகக்கூடாது"ன்னு சொல்லி ஃபீல்டு ஆள் சம்பளத்த வெட்டுவாங்க. இது ரொம்பப் பேர் தப்பா புரிஞ்சு வச்சிருக்குற விசயம். அந்த 5 சதவீதம் கம்பெனி தன்னோட சிஎஸ்ஆர் வேலைய நடத்துறதுக்கு ஆகுற பொதுச் செலவு, ஒரு திட்டத்த வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க நேரடியா ஆகுற செலவு அதுல சேராது, விதியிலயே இருக்கு. அதே மாதிரிதான் மார்ச் 31 பதட்டமும். பிப்ரவரியில போன் பண்ணி ஒரு மாசத்துல முடிங்கம்பாங்க. மொத வருசத்த விட்டு இன்னும் மூணு வருசம் வரைக்கும் தொடர் திட்டமா வைக்கலாமே, செலவாகாத காச நிதியாண்டு முடிஞ்சு 30 நாளைக்குள்ள தனி பேங்க் அக்கவுண்ட்ல போட்டு வச்சு செய்ய வேண்டியதுதான். இங்க ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகுக்குப் போற ஆம்பளைங்க கரையில இருப்பாங்க, கூட்டம் போட, வேலைக்கு ஆள் சேர்க்க அதவிட நல்ல நேரம் கெடையாது, நம்மாளுங்க அதுக்கு முன்னாடியே முடிச்சு ரிப்பன் வெட்டிட்டுப் போயிருவாங்க.

சட்டம் கம்பெனி இருக்குற ஏரியாவுக்கு முன்னுரிமை குடுக்கச் சொல்லுது, பெரிய ஆலை அதிகமில்லாத எங்க மாவட்டத்துக்கு அதனால காசு தானா வராது. 2018ல மத்திய அரசோட முன்னேற விழையும் (அதாவது பின்தங்கின) மாவட்டப் பட்டியல்ல தமிழ்நாட்டுல இருந்து விருதுநகரும் நாங்களும் சேந்த பெறகுதான் கொஞ்சம் எட்டிப் பாக்குறாங்க. அப்படி வர்றதும் ராமேஸ்வரத்துல யாத்ரீகர் கண்ணுல படுற எடமாத்தான் தேடும். சின்ன தொண்டு நிறுவனங்கள் சிஎஸ்ஆர்-1 பதிவு (சிஎஸ்ஆர் வேலை எடுத்துச் செய்ய மத்திய அரசுகிட்ட வாங்குறது), 12ஏ, 80ஜின்னு சொல்ற வருமான வரிச் சலுகைப் பதிவு எல்லாத்தையும் முன்கூட்டியே வாங்கி வச்சுக்கோங்க, 2021 ஏப்ரல்ல இருந்து சிஎஸ்ஆர்-1 பதிவு நம்பர் இல்லாம ஒண்ணும் நடக்காது.

கரையில கட்டுறதுன்னா கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி இருக்கு. உள்ளூர் சனங்களுக்கான சமுதாயக் கழிப்பறைக்கு அனுமதி கேக்க வழி இருக்கு, கேக்காம அஸ்திவாரம் போட்டுட்டு பாதியில நிறுத்துறதுதான் தப்பு.

எங்க கட்டுறதுன்னு ஆம்பளைங்க கமிட்டிய மட்டும் கேக்காதீங்க. பாம்பன் சின்னப்பாலம் பக்கம் கடல்பாசி எடுக்கப் போற அக்காங்களக் கேட்டுப் பாருங்க, கருவாடு காயப்போடுறவங்களக் கேளுங்க, பகல் பூரா கரையிலதான், வீட்டுல கக்கூஸ் இருந்தும் பொழுது சாயுற வரைக்கும் அடக்கிக்கிட்டு, அதுக்காகவே தண்ணி குடிக்காம இருப்பாங்க. ஸ்கூல்ல நாப்கின் எரிக்கிற மெசின் வாங்கிக் குடுத்து போட்டோ எடுக்குறீங்க, பிளக் பாயிண்ட் இருக்கா, மூடி போட்ட குப்பைத்தொட்டி இருக்கான்னு பாக்குறதில்ல, நாப்கின் பேசின்ல போய் அடைச்சுக்கிட்டா அந்த கக்கூஸையே பூட்டிருவாங்க. சோப்பு அதவிடப் பாவம், அக்டோபர் 15 கைகழுவும் தினத்துக்கு வரும், நவம்பர்ல இருக்காது.

பொதுக் கக்கூஸ்னா சாவி யார்கிட்ட இருக்கும்னு கட்டுறதுக்கு முன்னாடியே பேசி முடிச்சுருங்க. நாங்க ஒரு எடத்துல ஊர்த் தலைவர்கிட்ட குடுத்தோம், விடியக்காலம் அஞ்சு மணிக்கு எந்தப் பொண்ணு அவரு வீட்டுக் கதவத் தட்டி சாவி கேக்கும்? ஆறு மாசம் எல்லாரும் பழையபடி கருவக்காட்டுக்குத்தான் போனாங்க. அப்பறம் மகளிர் குழுகிட்ட மாத்தினோம், வீட்டுக்கு மாசம் முப்பது ரூபா பிரிச்சு கூட்டிக் கழுவுற அம்மாவுக்கும் சோப்புக்கும் குடுக்குறாங்க. தராத வீட்டோட மாசாமாசம் சண்டை நடந்துக்கிட்டுத்தான் இருக்கு.