முழங்கால் தேய்ந்த ஜீன்ஸுக்கு சாஷிகோ தையல்

ஜீன்ஸ் துணியில் பாவு (நெடுக்கே ஓடும் இழை) நீலம், ஊடை (குறுக்கே ஓடும் இழை) வெள்ளை. முழங்காலில் முதலில் அறுவது பாவுதான். கிழிசலில் வெள்ளை இழைகள் மட்டும் குறுக்கே தொங்குவது அதனால்தான். அவற்றை வெட்டிவிடாதீர்கள், தையலுக்கு அவையும் பிடிமானம்.

சாஷிகோ என்றால் 'சிறு குத்தல்கள்'. பருத்தி அரிதாக இருந்த ஜப்பானின் வடபகுதியான தோஹோகுவில், பழந்துணிகளை அடுக்கித் தைத்து உழைப்பாளிகள் உடுத்திய வழக்கம் இது. அழகைவிட உறுதிதான் அங்கே முக்கியம். ஒட்டுத்துணியைச் சரியாக வைக்காமல் மேலே கோலம் போட்டுப் பயனில்லை.

ஒட்டுக்கு ஜீன்ஸைவிடச் சற்று மெல்லிய பருத்தித் துணி போதும். வெந்நீரில் அலசிக் காயவைத்த பிறகே வெட்டுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே சுருங்கி முழங்காலைக் கொசுவிவிடும். ஓட்டையின் அளவுக்கு வெட்டக் கூடாது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மெலிந்த இடம் முடிந்தபின் இன்னும் 2 செ.மீ. விடுங்கள். நைந்த துணியில் ஒட்டின் ஓரம் விழுந்தால் அங்கேயே மறுபடி கிழியும். உள்பக்கம் வைத்து, நீளத் தையலாக நூலோட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். காலுக்குள் அட்டை ஒன்றைச் செருகினால் பின்துணி சேர்ந்து தைபடாது.

தேய்ந்த சோப்புச் சில்லால் 7 மி.மீ. கட்டம் போடுங்கள். முதல் முறைக்கு 'ஜூஜி' நல்லது: கோடுகள் வெட்டும் இடமெல்லாம் ஒரு கூட்டல் குறி. கிடைவரிசைகள் எல்லாம் முடிந்த பிறகு நெடுவரிசை. மேலே தெரியும் தையல் 4 மி.மீ., இடைவெளி 3. மேல்தையல் எப்போதும் இடைவெளியைவிடச் சற்று நீளம்.

நூல் மினுமினுப்பில்லாத, முறுக்கேறிய பருத்தி நூலாக இருக்கட்டும். எம்பிராய்டரி நூல் உரசலில் பிரிந்துபோகும். 60 செ.மீ.க்கு மேல் கோக்காதீர்கள், தடித்த துணிக்குள் போய்ப் போய் நைந்துவிடும்.

ஊசியை அசைக்காமல் பிடித்து, துணியை மடித்து மடித்து அதன்மேல் ஏற்றுங்கள். நாலைந்து தையல் சேர்ந்ததும் இழுத்து, துணியை விரலால் நன்றாக நீவி விரியுங்கள். தைத்த இடம் சுருங்குகிறது என்று புலம்புபவர்கள் பெரும்பாலும் இந்த நீவலை விட்டவர்கள். வரிசை திரும்பும் இடத்தில் பின்பக்கம் அரை செ.மீ. கண்ணி தளர்வாக நிற்கட்டும். ஸ்ட்ரெச் ஜீன்ஸ் என்றால் இன்னும் கொஞ்சம். இறுக்கித் தைத்தால் குந்தும்போது நூல் அறும்.

முடிச்சு வேண்டாம், முட்டியில் உறுத்தும். தொடக்கத்திலும் முடிவிலும் தைத்த வழியே மூன்று தையல் திரும்பிப் போனால் போதும். ஜீன்ஸ் புதிதென்றால் முதல் சில சலவைகளில் வெள்ளை நூலில் லேசாக நீலம் ஏறும். அது பிடிக்காதவர்கள் தொடக்கத்திலேயே நீல நூல் எடுத்துக்கொள்ளலாம்.