தண்ணீர் ஓடியும் தணியாத பிராசசர்: சேலத்து வெயிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பங்குனி பிறந்துவிட்டால் சேலத்தில் கணினி பழுதுபார்க்கும் மேசைகளுக்கு ஒரே புகார் மாறி மாறி வரும்: "வாட்டர் கூலர் போட்டும் தொண்ணூறைத் தாண்டுகிறது, அண்ணா." வாட்டர் கூலர் என்பது கணினியின் மூளையான பிராசசரின் சூட்டை நீரால் வெளியேற்றும் கருவி; தொண்ணூறு என்பது பிராசசரின் வெப்பநிலை, செல்சியஸில். கொண்டுவருபவர் பெரும்பாலும் பிராசசருக்கும் கூலருக்கும் நடுவில் பூசும் தெர்மல் பேஸ்ட்டை ஏற்கெனவே மாற்றியிருப்பார். சிலர் மின்விசிறிகளையும் மாற்றியிருப்பார்கள். பணம் செலவாகியிருக்கும், சூடு மட்டும் அப்படியே இருக்கும். காரணம் தெரியும் முன்பே பொருளை மாற்றுவதுதான் மற்ற எல்லாத் தவறுகளுக்கும் வேர்.

சூடு போகும் பாதை நீளமானது. பிராசசர் சிப்பிலிருந்து பேஸ்ட் வழியாக, அதன்மேல் அழுந்தியிருக்கும் கூலரின் செம்புத் தகட்டுக்கும், தகட்டிலிருந்து நீருக்கும் போகிறது. நீரை பம்ப் தள்ள, அது மெல்லிய உலோகத் துடுப்புகள் கொண்ட ரேடியேட்டருக்குப் போய்ச் சேர்கிறது. அங்கிருந்து மின்விசிறி அதை அறைக் காற்றில் கலக்கிறது. இதில் எங்கே அடைப்பு என்பதை ஸ்க்ரூ டிரைவர் இல்லாமலே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்.

கணினிக்கு முழு வேலை கொடுத்துவிட்டு, வெப்பநிலை ஏறும் வேகத்தைக் கவனியுங்கள். சில விநாடிகளிலேயே உச்சிக்குப் பாய்ந்தால் பெரும்பாலும் சூடு நீருக்கே போய்ச் சேரவில்லை. தகடு சரியாகப் பதியவில்லை, அல்லது பம்ப் நின்றுவிட்டது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் மெல்ல மெல்ல ஏறினால் சூடு நீருக்குள் வந்துவிட்டது, வெளியே போகத்தான் வழியில்லை. அப்போது பார்க்க வேண்டியவை ரேடியேட்டர், மின்விசிறி, அறை. அடுத்து தகட்டையும் ரேடியேட்டரையும் இணைக்கும் இரண்டு குழாய்களையும் விரலால் தொட்டுப் பாருங்கள். நீர் நன்றாக ஓடும்போது இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சில டிகிரிதான், விரலுக்கு எளிதில் தெரியாது. ஒன்று சுட்டு மற்றொன்று குளிர்ந்திருந்தால் ஓட்டம் குறைந்துவிட்டது. இரண்டுமே குளிர்ந்திருக்க பிராசசர் மட்டும் கொதித்தால் பேஸ்ட், தகடு, பம்ப் ஆகிய மூன்றையும் சந்தேகப்படுங்கள். இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை. ஆனாலும் இதைச் செய்துவிட்டு வருபவர்கள் மிகக் குறைவு.

அறை வெப்பநிலையைக் கணக்கில் சேர்க்காதது அடுத்த தவறு. வாட்டர் கூலர் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் நீரை அறைக் காற்றைவிடக் குளிர்விக்க அதனால் முடியாது. ஏற்காட்டில் 22 டிகிரி அறையில் 75 காட்டிய கணினி, அதே வேலையைச் சேலத்து மாடி அறையில் 35 டிகிரியில் செய்தால் 88 காட்டும். அது பழுது அல்ல. அறைக்கும் பிராசசருக்கும் இடையிலான வேறுபாடு இரண்டு இடத்திலும் 53 டிகிரிதான். அந்த வேறுபாட்டைத்தான் குறித்துவைக்க வேண்டும். போன ஆண்டு 53 இருந்தது இந்த ஆண்டு 65 ஆகியிருந்தால்தான் தேடிப் பார்க்க வேண்டிய கோளாறு.

ஏற்காட்டிலிருந்து இறங்கிவரும் கணினிகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் காரின் பின்இருக்கையில் படுத்தபடியே வந்திருக்கும். தொழிற்சாலையிலேயே நீர் நிரப்பி மூடிய வாட்டர் கூலருக்குள் எப்போதும் சிறிது காற்று இருக்கும். பெட்டி நேராக நிற்கும்போது அது ரேடியேட்டரின் மேல் முனையில் ஒதுங்கியிருக்கும். பெட்டி படுத்துக் குலுங்கினால் பம்புக்குள் புகுந்துவிடும். வீட்டுக்கு வந்து இயக்கியதும் களகளவென்ற ஓசையும் ஏறும் சூடும் அதனால்தான். கணினியை நிமிர்த்தி வைத்து, பம்பை முழு வேகத்தில் ஓடவிட்டு, பெட்டியை முன்னும் பின்னும் மெதுவாகச் சாய்த்தால் காற்று மேலே போய்விடும். சத்தம் விடாமல் திரும்பத் திரும்ப வந்தால் ரேடியேட்டர் பொருத்திய இடமே தவறு. நீர் ஓடும் பாதையிலேயே உயரமான இடத்தில் பம்ப் இருக்கக் கூடாது, ரேடியேட்டரின் ஒரு பகுதியாவது அதைவிட மேலே இருக்க வேண்டும்.

விசைத்தறி ஊர்களின் கதையைத் தனியாகவே சொல்ல வேண்டும். இளம்பிள்ளை, ஜலகண்டாபுரம் பக்கத்தில் சேலை வடிவமைப்புக்கு நல்ல கணினிகள் இருக்கின்றன. பல இடங்களில் அவை தறிக்கூடத்தை ஒட்டிய அறையில் நிற்கின்றன. அங்கே காற்றில் மிதப்பது சாதாரணத் தூசி அல்ல, நூல் பிசிர். வெளியிலிருந்து பார்த்தால் ரேடியேட்டர் சுத்தமாகவே தெரியும். மின்விசிறியின் நான்கு திருகுகளையும் கழற்றி எடுத்தால்தான் விசிறிக்கும் துடுப்புத் தகடுகளுக்கும் நடுவில் கம்பளித் துணி போலப் படிந்த சாம்பல் நிறப் படலம் கண்ணில் படும். ஓரத்தில் நகத்தால் கிள்ளி இழுத்தால் முழுத் துண்டாக உரிந்து வரும், அதிலேயே சேலை நூலின் சிவப்பும் பச்சையும் தெரியும். அதற்குப் பின்னால் காற்று போக இடமே இருக்காது. விசிறியைக் கழற்றாமல் வெளியிலிருந்து ஊதினால் படலம் இன்னும் இறுகும், அப்படிச் செய்யாதீர்கள். பஞ்சர் கடைக் கம்ப்ரஸரையும் தவிர்த்துவிடுங்கள். அதன் அழுத்தத்தில் மெல்லிய துடுப்புகள் மடங்கிவிடும், காற்றோடு ஈரமும் எண்ணெயும் வரும். மென்மையான பிரஷும் சிறிய புளோயரும் போதும். ஊதும்போது விசிறி இறக்கையைக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். தறிக்கூடத்தை ஒட்டிய கணினிக்கு இந்த வேலையை மாதம் ஒருமுறை செய்வது நல்லது.

பம்பின் இணைப்பைப் பலர் பார்ப்பதே இல்லை. பிராசசர் பொருந்தியிருக்கும் முதன்மைப் பலகையான மதர்போர்டில் சாதாரண விசிறி முனையில் செருகிவிட்டால், சத்தம் குறைய வேண்டும் என்று மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸ் அதன் வேகத்தையும் குறைத்துவிடும். பம்புக்கென்று தனி முனை இருந்தால் அதில் செருகுங்கள். இல்லையென்றால் இருக்கும் முனையை முழு வேகத்துக்கு மாற்றிவையுங்கள். திரையில் பம்பின் சுற்று எண்ணிக்கை காட்டுகிறது என்பதால் நீர் ஓடுகிறது என்று நம்பிவிடவும் கூடாது. உள்ளே அடைப்பு இருந்தாலும் பம்ப் சுழன்றுகொண்டுதான் இருக்கும். விரல் சோதனையை விட்டுவிடக் கூடாது என்பது இதனால்தான்.

தகடு பொருத்துவதில் நடக்கும் பிழைகள் எளியவை, ஆனால் அடிக்கடி நடப்பவை. அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் மாட்டுவது ஒன்று. பழைய சாக்கெட்டின் (மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) திருகுத் தண்டுகளையே புதியதற்கும் பயன்படுத்துவது மற்றொன்று. இன்டெலின் எல்ஜிஏ 1200 சாக்கெட்டில் துளைகளுக்கு இடையே 75 மில்லிமீட்டர், அதற்குப் பின் வந்த எல்ஜிஏ 1700-இல் 78. பிராசசரின் உயரமும் குறைந்துவிட்டது. அதனால் பழைய தண்டில் தகடு முழுதாக அழுந்தாது. திருகுகளை மூலைவிட்டமாக, ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாக இறுக்குங்கள்.

பம்ப், குழாய், ரேடியேட்டர் எல்லாம் தனித்தனியாக வாங்கிக் கோத்த கூலிங் வைத்திருப்பவர்கள் நீரில் சிக்கனம் பார்க்கக் கூடாது. நம் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு என்ன செய்யும் என்பதை வீட்டு வாட்டர் ஹீட்டரைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். செம்புத் தகட்டின் நுண்ணிய கால்வாய்களிலும் அது அப்படித்தான் படியும். ஆர்.ஓ. கேன் நீரிலும் தாது உப்பு மிச்சமிருக்கும். அரிப்பையும் பாசியையும் தடுக்கும் மருந்து கலந்த கூலண்டையே ஊற்றுங்கள். செம்புத் தகட்டோடு அலுமினிய ரேடியேட்டரை இணைக்காதீர்கள். இரண்டு உலோகமும் ஒரே நீரில் இருந்தால் அலுமினியம் அரிக்கப்பட்டு, அந்தக் கசடே தகட்டை அடைக்கும்.

கூலரில் எந்தக் குறையும் இல்லாமலே சூடு ஏறுவதும் உண்டு. ரைசன் 7000 வரிசையின் பல பிராசசர்கள் முழு வேலையில் 95 டிகிரி வரை போகும்படியே ஏஎம்டி நிறுவனம் வடிவமைத்திருக்கிறது. கோர் ஐ9-14900கே பிராசசருக்கு இன்டெல் வகுத்த மின் உச்ச வரம்பு 253 வாட். ஆனால் பல மதர்போர்டுகளில் பயாஸ் அந்த வரம்பையே எடுத்துவிட்டிருந்தது. இப்படிப்பட்ட கணினிக்குப் பெரிய ரேடியேட்டர் வாங்குவதற்கு முன் பயாஸைப் புதுப்பித்து, மின் வரம்பைத் திரும்ப வையுங்கள். ரைசனில் மின் செலவைக் குறைக்கும் ஈகோ மோடு இருக்கிறது. வேகம் சற்றே குறையும், சூடு நன்றாகவே இறங்கும். மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் வேலை செய்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

எல்லாம் பார்த்தும் குழாய்கள் குளிர்ந்தே இருந்து பிராசசர் கொதித்தால், மூடிய கூலருக்குள் பம்ப் செயலிழந்திருக்கலாம். இல்லையென்றால் ஆண்டுக்கணக்கில் குழாய்ச் சுவர் வழியே நீர் கசிந்து வற்றியிருக்கலாம். மேலே நீர் ஊற்றலாம் என்று அதைத் திறக்காதீர்கள். இவற்றில் பலவற்றுக்கு ஐந்து, ஆறு ஆண்டு வாரண்டி உண்டு. பில்லையும் கூலர் வந்த அட்டைப் பெட்டியில் உள்ள சீரியல் எண்ணையும் தேடி எடுங்கள். ஸ்டிக்கரைக் கிழித்துத் திறந்துவிட்டால் வாரண்டியில் மாற்றித் தர மாட்டார்கள்.