நாமினி மட்டும் போதாது

பெற்றோரின் சேமிப்புக் கணக்கில் அவர்கள் நம்பும் ஒருவரை இணைக் கணக்குதாரராகச் சேர்த்து, படிவத்தில் இயக்கும் முறை என்ற இடத்தில் 'ஐதர் ஆர் சர்வைவர்' (இருவரில் யார் வேண்டுமானாலும் தனியாக இயக்கலாம், ஒருவர் இறந்தால் மற்றவர் இயக்கலாம்) என்று இப்போதே டிக் அடிக்கச் சொல்லுங்கள்.

நாமினிக்குப் பணம் கிடைப்பது கணக்குதாரர் இறந்த பிறகுதான். அவர் ஐசியூவில் நினைவில்லாமல் கிடக்கும்போது, ஆஸ்பத்திரி பில் கட்டக்கூட நாமினியால் ஒரு ரூபாய் எடுக்க முடியாது. பவர் ஆஃப் அட்டர்னி இருக்கிறதே என்பார்கள். எழுதிக்கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவுப்படி அதுவும் முடிந்துவிடும். டெல்லியில் மயூர் விஹார், ஆர்.கே.புரம் பக்கம் பிள்ளைகளைப் பிரிந்து தனியாக இருக்கும் நம் பெரியவர்கள் இதை அவசியம் செய்துவைக்க வேண்டும். பக்கத்திலேயே இருக்கிற 'ஃபார்மர் ஆர் சர்வைவர்' கட்டத்தை டிக் அடித்துவிடாதீர்கள், அதில் முதல் கணக்குதாரர் உயிரோடு இருக்கும்வரை இரண்டாமவர் கை வைக்க முடியாது.

மத்திய அரசுப் பென்ஷன் வரும் கணக்கில் கணவன் அல்லது மனைவியை மட்டுமே சேர்க்கலாம். ஃபிக்ஸட் டெபாசிட்டை முதிர்வுக்கு முன் உடைக்கப் பொதுவாக இருவர் கையெழுத்தும் கேட்பார்கள். வீடு, நிலத்துக்கு இது உதவாது. சேர்க்கப்படுபவர் மொத்தப் பணத்தையும் எடுக்க முடியும் என்பதால், துளி சந்தேகம் இருந்தாலும் வேண்டாம்.