‘எதுவெண்டாலும் அனுப்புங்கோ’: நிவாரண வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் திருச்சபை மண்டபத்தில் ஒரு கூட்டம். வெளிநாட்டிலுள்ள ஒரு கிறிஸ்தவத் தொண்டு நிறுவனம் யாழ்ப்பாணத்துக்கு மருந்தும் உலர் உணவும் அனுப்ப முன்வந்திருந்தது. கைபேசியில் அந்தப் பக்கத்து அம்மாவோடு கதைத்த தம்பிக்கு இருபத்துமூன்று வயது இருக்கும். “என்ன தேவை?” என்று அவர் கேட்க, தம்பி சிரித்துக்கொண்டே சொன்னார்: “எதுவெண்டாலும் அனுப்புங்கோ அன்ரி, இஞ்ச எல்லாம் தேவைதான்.”

நான் தலையில் கை வைத்தேன். 2005 ஜனவரியில் இதே வசனத்தை நானும் சொல்லியிருக்கிறேன், கிட்டத்தட்ட இதே சிரிப்போடு.

கணக்கு எழுதுங்கள், ரசீதை வைத்திருங்கள், பயனாளிகள் பட்டியலை விதானையிடம் (கிராம அலுவலரிடம்) ஒருமுறை காட்டுங்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அவை உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் முதல் மாதத்திலேயே யாராவது ஏசித் தெரியப்படுத்துவார்கள்.

மருந்தைப் பட்டியல் இல்லாமல் வாங்குவது

சுனாமி முடிந்து சில கிழமைகள். மணற்காடு தொடக்கம் உடுத்துறை வரை கரையோரச் சனம் பள்ளிக்கூடங்களிலும் கோயில்களிலும் இருந்தது. வெளிநாட்டுச் சபை ஒன்று என்னிடம் கேட்டது, நான் ‘எதுவெண்டாலும்’ என்றேன். எண்பதுக்குக் கிட்டப் பெட்டிகள் வந்து இறங்கின. அன்று பாட்டுப் பாடி ஜெபம் செய்து நன்றி சொன்னோம். அடுத்த நாள்தான் பெட்டிகளை உடைத்தோம்.

பாதி பாவித்த குளிசை அட்டைகள். மூடி திறந்த கண் மருந்து. வெயிலுக்குப் பூசும் கிறீம். உடைந்து வழிந்த இருமல் பாணி, அதில் ஊறிய பஞ்சுக்கட்டுகள். யாரோ தங்கள் குளியலறை அலுமாரியை அப்படியே பெட்டிக்குள் கவிழ்த்து, மேலே ஒரு வேதவசனத்தையும் ஒட்டி அனுப்பியிருந்தார்கள். ஓய்வுபெற்ற மருந்தாளர் ஐயா ஒருவர் பின்னேரங்களில் சைக்கிளில் வந்து தரம்பிரித்துத் தந்தார். மூன்றாம் நாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, இது கப்பல் கூலி குடுத்து வந்த குப்பை.”

நல்ல மருந்தும் இருந்தது, எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. ‘ஆல்பியூட்டரோல்’ என்று எழுதிய பெட்டியைத் ‘தெரியாதவை’ குவியலில் போட்டிருந்தோம். அது நாங்கள் நாளாந்தம் இழுப்புக்குக் கொடுக்கும் சல்பியூட்டமோல்தான், அமெரிக்காவில் பெயர் வேறு. இதைவிட மோசமானது ‘அசிட்டமினோஃபென்’. அதுவும் பரசிட்டமோல்தான். பரசிட்டமோலான பனடோலும் போட்டுக்கொண்டு இதையும் வேறு மருந்தென்று நினைத்துப் போட்டால் ஈரல் பழுதாகும். ஒரு கிழவி இரண்டையும் கையில் வைத்திருந்ததை ஐயா தற்செயலாகக் கண்டார். அவர் அன்று வராமல் விட்டிருந்தால் என்று நினைக்க இப்போதும் வயிற்றைக் கலக்கும்.

சில பெட்டிகள் முழுக்க ஜெர்மன் மொழியில். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் டொக்டர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார், பாடநூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். அவர் நடந்த ஊரில், நூற்றைம்பது வருடம் கழித்து, லேபிளை வாசிக்க ஆள் தேடி நாங்கள் அலைந்தோம்.

சரி, தேவையில்லாததை எறிந்துவிடலாமே என்பீர்கள். எங்கே எறிவது? குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. மேலே ஊற்றுவது கீழே இறங்கும், கீழே இருப்பதைத்தான் கிணற்றில் அள்ளிக் குடிக்கிறோம். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த கதை பின்னாளில் எல்லோருக்கும் தெரிந்தது. மருந்தைப் புதைக்கக் கூடாது. வளவுக்குள் போட்டு எரிக்கவும் கூடாது, மிக உயர்ந்த வெப்பமுள்ள உலை வேண்டும். அந்த உலைக்கு நான் எங்கே போக? பெட்டிகள் மிஷன் வீட்டின் பின்னறையிலேயே கிடந்தன.

2006 ஓகஸ்டில், குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை பூட்டப்பட்டது. அரிசியும் மருந்தும் கப்பலில் வந்தால்தான் உண்டு என்றானது. ஒரு முதியவருக்குச் சலரோகக் குளிசை தேடி நான்கு மருந்துக்கடை ஏறி இறங்கி வெறுங்கையோடு திரும்பிய நாளில், என் பின்னறை நிறையக் காலாவதியான, கொழுப்பைக் குறைக்கும் குளிசை இருந்தது. கொழுப்பு! ஒருவேளைக் கஞ்சிக்கு வரிசையில் நின்ற சனத்துக்கு.

எனக்கு மட்டும் நடந்ததென்று நினைத்து வெட்கப்பட்டிருந்தேன். உலகம் முழுக்க நடந்திருக்கிறது. 1988 ஆர்மீனிய நிலநடுக்கத்துக்கு 5,000 தொன் மருந்தும் மருத்துவப் பொருளும் குவிந்து, தரம்பிரிக்கவே 50 பேருக்கு ஆறு மாதம் பிடித்தது. அதே சுனாமிக்கு இந்தோனேசியாவின் ஆச்சேயில் இருபது இலட்சத்துக்கும் குறைவான சனத்துக்கு 4,000 தொன் மருந்து போய் இறங்கியது. இத்தனைக்கும் உலக சுகாதார நிறுவனம் 1996இலேயே மருந்து நன்கொடைக்கு வழிகாட்டி வெளியிட்டிருந்தது. நான் அதை வாசித்தது பெட்டி வந்து மூன்று வருடத்துக்குப் பிறகு.

அதில் உள்ளது பெரிய வித்தை இல்லை. பெறுகிறவர் கேட்டதை மட்டும் அனுப்ப வேண்டும். நோயாளி திருப்பிக் கொடுத்த மருந்தும் மாதிரிக்கு வந்த மருந்தும் கூடாது. லேபிள் இங்குள்ளவர்கள் வாசிக்கும் மொழியில், கம்பனிப் பெயரோடு மருந்தின் பொதுப்பெயரும் சேர்ந்து இருக்க வேண்டும். வந்து சேரும்போது குறைந்தது ஒரு வருட ஆயுள் மீதி இருக்க வேண்டும். இதோடு நான் சேர்ப்பது இரண்டு. முதலில் ஆஸ்பத்திரி மருந்தாளரிடமோ பிராந்திய சுகாதாரப் பணிமனையிடமோ போய் எழுத்தில் பட்டியல் வாங்குங்கள். பிறகு, சாமான் கப்பலேறும் முன்பே தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபையின் அனுமதியைக் கேளுங்கள். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு அதுதான் வாசல். துறைமுகத்தில் பெட்டி வெயிலில் கிடக்க, கொழும்பில் யாரையாவது தெரியுமா என்று போன் போடுவது வேலைமுறை இல்லை.

பட்டியலை நீட்டினால் கொடுப்பவர் மனம் நோகும் என்று பயப்படுகிறீர்கள். நானும் பயந்தேன். பெட்டியைக் கட்டிய அந்த அம்மாமாருக்கு அது எங்கே போனதென்று இன்றுவரை நான் சொல்லவில்லை. நன்றிக் கடிதம்தான் எழுதினேன்.

குழந்தைப் பால்மா

யார் தந்தாலும் வாங்காதீர்கள். டின் முடியும் நேரம் தாய்க்குப் பால் வற்றியிருக்கும், கையில் மிஞ்சுவது கழுவ நல்ல தண்ணீர் இல்லாத சூப்பிப் போத்தல். தாய்ப்பால் கொடுக்கவே முடியாத குழந்தை என்றால் குடும்பநல மருத்துவமாதுவைக் கூப்பிடுங்கள்.

இன்சுலின்

2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் வைத்திருக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியும் மின்சாரமும் நிச்சயமில்லை என்றால் கையால் தொடாதீர்கள். பங்குனி வெயிலில் தகரக்கூரை மண்டபம் சாதாரணக் குளிசைக்கே ஆகாது.

உணவுப் பொதி

ஓட்ஸும் தகரத்தில் அடைத்த தக்காளி மக்ரோனியும் கொடுத்திருக்கிறேன். அடுத்த கிழமை அந்த மக்ரோனித் தகரங்கள் ஒரு வீட்டுக் கோழிக்கூட்டைச் சுற்றி, திறக்காமல், சுவர் மாதிரி அடுக்கியிருந்தன. அந்த வீட்டு அம்மா கொஞ்சமும் கூச்சப்படவில்லை, நான்தான் பட்டேன். நிவாரணக் கணக்கில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 2,100 கிலோகலோரி என்பார்கள். அந்தக் கணக்கு காகிதத்தில் சரியாக வரும், வாய்க்குள் போனால்தானே வயிற்றில் சேரும். குத்தரிசி, புட்டுக்கு மா, பருப்பு, தேங்காய் எண்ணெய், நெத்தலிக் கருவாடு, மிளகாய்த்தூள். எல்லாம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையிலோ சுன்னாகத்திலோ கிடைக்கும். சந்தை திறந்திருக்கும் காலத்தில் அரிசியைக் கொண்டெய்னரில் வரவழைப்பது விசர் வேலை. காசை அனுப்பச் சொல்லுங்கள். கப்பல் கூலியும் துறைமுகக் கட்டணமும் லொறிச் செலவும் மிஞ்சும், எங்கள் வியாபாரிக்கும் நாலு காசு போகும்.

அப்புறம் திகதி. அமெரிக்கப் பெட்டியில் 05/08 என்றிருந்தால் அது மே 8. நாங்கள் ஓகஸ்ட் 5 என்று வாசித்து அடுக்கி வைத்தோம்.

பொதிக்குள் துண்டுப்பிரசுரம்

இதை எங்கள் ஆட்களுக்கே சொல்கிறேன். அரிசிப் பைக்குள் சுவிசேஷத் தாள் வைக்காதீர்கள். “வேதக்காரர் சாமான் தருவினம், பிறகு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுவினம்” என்று ஒரு சைவக் குடும்பம் பொதியைத் திண்ணையிலேயே வைத்துவிட்டுப் போனதைப் பார்த்தவன் நான். அந்த வீட்டில் மூன்று பிள்ளைகள். உதவியை மதம் பரப்பும் கருவியாக்கக் கூடாது என்று 1994ஆம் ஆண்டின் செஞ்சிலுவை நடத்தைக் கோவையிலும் இருக்கிறது. வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்று நம்முடைய மத்தேயுவிலும் இருக்கிறது.

படம்

வாங்குபவரின் முகம் வேண்டாம். மூட்டையைப் படமெடுங்கள்.

நேற்று அந்தத் தம்பி ஆஸ்பத்திரியில் வாங்கிய பட்டியலோடு வந்தார். ஒன்பது மருந்து, பொதுப்பெயர், அளவு, எண்ணிக்கை எல்லாம் ஒழுங்கு. பத்தாவது வரியில் தன் கையால் ‘வேறு ஏதும் இருந்தாலும் அனுப்பலாம்’ என்று சேர்த்திருந்தார். பேனையை வாங்கி அந்த வரியை வெட்டிவிட்டுக் கொடுத்தேன்.